ஊருக்கு இசைந்த கருவி

தொண்டைநாட்டிலே அந்தகக்கவி வீரராகவ முதலியார் என்னும் புலவர் ஒருவர் வாழ்ந்தார். பிறவியிலேயே கண்ணொளி இழந்த அவர் எழுத்தறிந்தது எவ்வாறு என்பதற்கு ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. பக்கத்தில் இருந்தவர் அவருடைய முதுகிலே விரலால் எழுதிக் காட்ட, அந்தத் தொடு உணர்ச்சியைக் கொண்டே அவர் நெடுங்கணக்கைக் கற்றார் என்பர். பின்னர் அவர் கடல் கடந்து ஈழத்துக்கு வந்தார் என்றும், யாழ்ப்பாணத்தை ஆண்ட பரராசசேகர மன்னன் அவருடைய புலமையை வியந்து பரிசில் வழங்கினான் என்றும் கூறுவர். இக்கதையை நாம் புலவரின் பெருமைக்குச் சான்றாகவே சொல்லி வந்திருக்கிறோம். இன்று அதிலே வேறொன்றையும் நோக்க விரும்புகிறேன். கண் செய்ய வேண்டிய வேலையை அங்கே முதுகின் தோல் செய்தது. ஒருவருடைய முதுகு ஏடாயிற்று. இன்னொருவருடைய விரல் எழுத்தாணியாயிற்று. உடலில் ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயிலால் அறிவைப் புகுத்தலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வாறு வேறு வாயிலைத் திறந்துவிடும் பொருள்களையே இன்று துணைக்கருவிகள் என்கிறோம்.

துணைக்கருவி என்றவுடன் ஏதோ பெரிய இயந்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். முதியவர் ஊன்றும் கைத்தடியும், பலர் அணிந்திருக்கும் மூக்குக்கண்ணாடியும் துணைக்கருவிகளே. உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில், எல்லா நாடுகளிலும் கிடைக்க வேண்டியவை என்று 50 துணைக்கருவிகளை வரிசைப்படுத்தி வெளியிட்டது. அந்நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிக்கு மேற்பட்டோருக்கு இத்தகைய கருவி ஒன்றேனும் வேண்டியிருக்கிறது. அவர்களுள் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. நம் நாட்டிலே 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்கு 8.7 பேர் பார்ப்பதிலோ, கேட்பதிலோ, நடப்பதிலோ, வேறு வகையிலோ இடர்ப்படுவதாகக் காட்டிற்று.

கருவி கிடைப்பதே அரிதாயிருக்க, கிடைத்த கருவி பயன்படாமற் போவது இன்னும் வருத்தத்துக்குரியது. இதை நான் முல்லைத்தீவு மண்ணிலே கண்டறிந்தேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் நிலத்தை நேயர்களுள் பலர் அறிவீர்கள். கடற்கரையோரம் நந்திக்கடலும் வெண்மணலும். உள்ளே செல்லச் செல்ல முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் கீழ் விளையும் வயல்கள். இடையிடையே காடும் கிறவல் வீதிகளும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரின் இறுதி நாள்கள் இம்மாவட்டத்தின் முள்ளிவாய்க்காற் கரையிலே கழிந்தன. கை கால் இழந்தோரும், கண் இழந்தோரும், வெடியோசையிற் செவி இழந்தோரும் இங்கே பலர். பிறவியிலேயே வலுக்குறைந்து பிறந்த பிள்ளைகளும், எங்கும் இருப்பது போலவே, இங்கும் இருக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் முள்ளியவளைக்கு அப்பால் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். ஒரு வீட்டு விறாந்தையிலே பளபளக்கும் சக்கர நாற்காலி ஒன்று நின்றது. அதன் மேல் ஒரு நெல் மூடை ஏற்றப்பட்டிருந்தது. அவ்வீட்டில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பிறந்த நாள் தொட்டு அவனுடைய கால்கள் இரண்டும் வலுவற்றவை. அவனைத் தாயார் இடுப்பிலே தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போய் வருவதைக் கண்டேன்.

"ஏன் அம்மா, பிள்ளையை இந்த நாற்காலியிலே இருத்துவதில்லையா?" என்று கேட்டேன்.

"மணலிலை சில்லுப் புதையுது ஐயா. அதைத் தள்ளுறதிலும் பிள்ளையைத் தூக்கிறது சுகம்" என்றார் அவர்.

நாற்காலியை உற்று நோக்கினேன். வைத்தியசாலையின் வழுவழுப்பான தளத்திலே உருளுவதற்கென்று செய்யப்பட்டது அது. முன்சில்லுகள் இரண்டும் உள்ளங்கை அளவேயானவை. அவை மணலிற் பட்டவுடன் புதையும். புதைந்தவுடன் நாற்காலி முன்னோக்கிக் கவிழப் பார்க்கும். கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆயினும் அந்த வீட்டு முற்றத்தில் ஒரு முறையேனும் கால் வைத்துப் பார்த்த பின் கொடுத்திருந்தால், அது நெல் மூடைக்கு இருக்கையாகியிராது.

பின்னர் பையனை நோக்கி, "தம்பி, உனக்கு என்ன வேண்டும்?" என்றேன். அவன் சற்று நேரம் தாயாரின் முகத்தைப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில், "பள்ளிக்கூடத்து மலசலகூடத்துக்கு நான் தனியப் போக வேணும் ஐயா" என்றான். அதற்காகவே அவன் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைத் தாயார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதுவரை அவனிடம் எவரும் அக்கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

நேயர்களே, இன்று நான் கூறவிருப்பது யாவும் அந்தப் பையனின் விடையில் அடங்கியிருக்கிறது. கருவி என்பது அதை வழங்குவோரின் மனத்திருப்திக்காக இருத்தல் தகாது. அதைக் கொள்வோரின் மண்ணுக்கும் உடலுக்கும் மொழிக்கும் அது இசைய வேண்டும். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது மண். மண்ணறிந்து செய்த கருவிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜெய்ப்பூர்க் கால். மேல்நாட்டு முறையிலே செய்யப்பட்ட பொய்க்கால்கள் சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமரும் மக்களுக்காக அமைந்தவை. வெறுங்காலோடு நடப்பவருக்கும், சம்மணமிட்டு உண்பவருக்கும், குந்தியிருந்து வேலை செய்பவருக்கும், சேற்று வயலில் இறங்குபவருக்கும் அவை உதவவில்லை. இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரத்திலே 1960களின் இறுதியில், இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்னும் மருத்துவரும் சேர்ந்து இக்குறையைத் தீர்க்க முயன்றனர். இறப்பரையும் மரத்தையும் கொண்டு, வாகனச் சில்லுக்கு இறப்பர் பதிக்கும் முறையைப் பின்பற்றி, எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும் பாதம் ஒன்றை உருவாக்கினர். பார்வைக்கும் அது மனிதப் பாதம் போலவே இருந்தது. சேத்தி 1981இல் மகசேசே விருது பெற்றார். அந்தப் பாதம் நம் நாட்டுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்திலே 1987இல் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பெற்று, வடபகுதி மக்கள் பலரை மீண்டும் நடக்கச் செய்தது. வன்னியின் உழவர் ஒருவர் பொய்க்காலோடு வயல் வரம்பிலே நடக்கிறார் என்றால், அங்கே மருத்துவ அறிவோடு ஒரு கைவினைஞரின் விரல் அறிவும் சேர்ந்து நடக்கிறது.

சக்கர நாற்காலிக்கும் இதே விதி பொருந்தும். முன்னால் இரண்டு சிறு சில்லுகளுக்குப் பதிலாக, சற்று நீட்டி வைத்த பெரிய சில்லு ஒன்று இருக்குமானால், அது மணலிலும் கிறவலிலும் எளிதில் ஓடும், கவிழவும் மாட்டாது. விழிப்புலனற்றோர் கொள்ளும் வெள்ளைப் பிரம்பும் அப்படியே. கூரிய நுனி மணலிற் குத்தி நிற்கும். உருளும் பந்து போன்ற நுனி மணல்மேல் வழுக்கிச் செல்லும். சிறிய வேறுபாடுதான்; ஆனால் ஒருவர் தனியே கடைத்தெருவுக்குப் போவதும், வீட்டிலேயே இருந்துவிடுவதும் அச்சிறிய வேறுபாட்டைப் பொறுத்து நிற்கின்றன.

இரண்டாவது உடல். பிள்ளையின் உடல் வளர்ந்துகொண்டே இருப்பது. இவ்வாண்டு அளவாக இருந்த பொய்க்கால் அடுத்த ஆண்டிலே குட்டையாகிவிடும். வளர்ந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றினாற் போதும்; பிள்ளைகளுக்கோ ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். செவிப்புலன் கருவியும் அத்தகையதே. காதுக்குள் பொருந்தும் அச்சு, காது வளர வளரத் தளர்ந்துபோம். தளர்ந்தால் கருவி கீச்சிடும். பிள்ளை அதைக் கழற்றி மேசை இலாச்சியில் வைத்துவிடும். அதன் சிறு மின்கலமோ ஒன்றிரண்டு வாரங்களிலே தீர்ந்துவிடும். கடற்கரையின் ஈரக்காற்றும் வியர்வையும் அதனைப் பழுதாக்கும். இரவிலே ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட மூடிய போத்தலில் அதை வைத்தால் நெடுநாள் உழைக்கும். இவ்வளவையும் தாய் தந்தையருக்கும் ஆசிரியருக்கும் சொல்லிக் கொடுக்காமல் கருவியை மட்டும் கொடுப்பது, பாதி வேலை செய்து விடுவதாகும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இங்கே ஒரு சொல். செவிப்புலன் கருவி ஆசிரியரின் குரலை மட்டும் பெருக்குவதில்லை. வகுப்பின் இரைச்சலையும், தகரக் கூரையில் விழும் மழையோசையையும் சேர்த்தே பெருக்குகிறது. ஆகவே அப்பிள்ளையை முன்வரிசையில் இருத்துங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல், பிள்ளைக்கு முகம் காட்டிப் பேசுங்கள். காசு செலவாகாத துணைக்கருவி இது.

கருவியின் வாழ்வு அதைத் திருத்தும் இடம் எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதைப் பொறுத்தது. வன்னியிலுள்ளோர் இத்தகைய சேவைகளுக்கு நெடுங்காலமாக வெளியூர்களையே நம்பியிருந்தனர். 2024ஆம் ஆண்டு மே மாதம், நெதர்லாந்து நாட்டின் உதவியோடு, முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளத்திலேயே உடற் புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் கடற்கரைக் கிராமங்களிலிருந்து மாங்குளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். தளர்ந்த ஓர் ஆணியை இறுக்குவதற்கு ஒரு தாய் ஒரு நாட் கூலியை இழந்து பஸ்ஸிலே போய் வரக் கூடுமா? சிறு பழுதுகளை ஊரிலுள்ள சைக்கிள் திருத்தும் கடையிலேயே தீர்த்துக்கொள்ளும்படி கருவிகள் அமைய வேண்டும். அக்கடைக்காரருக்கு அதற்கான பயிற்சியும் தர வேண்டும்.

கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்யத்தக்க கருவிகளும் உண்டு. ஆபிரிக்காவின் சிம்பாப்வே நாட்டிலே பழைய காகிதத்தையும் மட்டைப் பெட்டிகளையும் மாப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, உறுதியான கதிரை செய்யும் முறை ஒன்று வளர்ந்தது. கழுத்து நில்லாத பிள்ளையும், இடுப்பு நில்லாத பிள்ளையும் நிமிர்ந்திருந்து உண்பதற்கும் எழுதுவதற்கும் அவரவர் அளவுக்கு அதைச் செய்துகொள்ளலாம். மெக்சிக்கோவின் மலைக்கிராமங்களிலே பணியாற்றிய டேவிட் வேர்ணர் என்பார் இத்தகைய எளிய கருவிகளைப் படங்களோடு விளக்கி 1987இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். ஊரிலுள்ள வலுக்குறைந்தோரே இக்கருவிகளைச் செய்வதிலும் முதன்மை பெற வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பேச்சு வராத பிள்ளைக்கு ஒரு மட்டையிலே தண்ணீர், சோறு, பசி, நோவு, விளையாட்டு, அம்மா என்பவற்றின் படங்களை ஒட்டிக் கொடுத்துப் பாருங்கள். அது விரலால் தொட்டுக் காட்டும். பலமுறை அழுது உணர்த்திய ஒன்றை ஒரு தொடுகையில் உணர்த்திய நாளிலே, அப்பிள்ளையின் முகத்தில் வரும் தெளிவைத் தாய்மார் அறிவர்.

மூன்றாவது மொழி. பிரான்சு நாட்டிலே குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன், தந்தையின் பட்டறை ஊசி கண்ணிற் குத்தியதால் இளமையிலேயே பார்வை இழந்தான். அவனே லூயி பிரெயில். 1824இல், தன் பதினைந்தாம் வயதிலே, ஆறு புள்ளிகளால் ஆன எழுத்து முறையை அவன் வகுத்தான். கண்ணைப் பறித்த ஊசியைப் போன்றதோர் ஊசியே விழிப்புலனற்றோரின் எழுத்தாணியாயிற்று. ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழுக்கோ 247 எழுத்துகள் ஆயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி வடிவம் வைத்து, அவற்றைப் பக்கத்திற் பக்கமாக எழுதி உயிர்மெய்யை உணர்த்துவதால் அவ்வடிவங்களே போதுமானவை. 1951இல் இந்திய மொழிகளுக்கு வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் முறை இவ்வாறு அமைந்தது. பலகையில் தாளை வைத்து ஊசியாற் குத்தும்போது புள்ளி மறுபக்கத்தில் எழுவதால், வலப்புறமிருந்து இடப்புறமாக எழுதி, தாளைத் திருப்பி இடப்புறமிருந்து படிக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஆறேழு வயதிலேயே இந்த வித்தையைக் கைக்கொள்வதைக் கண்டால் வியப்பாக இருக்கும்.

நம் நாட்டில் இக்கல்வி புதியதன்று. இரத்மலானையில் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பாடசாலை 1912இல் தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத்துக் கைதடியிலே நஃபீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. முல்லைத்தீவு மாவட்டத்து வள்ளிபுனத்தில் இனிய வாழ்வு இல்லம் இத்தகைய பிள்ளைகளை வைத்துப் பேணியது.

இன்று பிரெயிலோடு கணினியும் சேர்ந்திருக்கிறது. திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். அவுஸ்திரேலியாவிலே மைக்கேல் கரன் என்னும் விழிப்புலனற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. கைத்தொலைபேசியிலும் அத்தகைய வசதி உண்டு. ஆயினும் இங்கே ஒரு தடை இருக்கிறது. அதை வைத்தவர்கள் நாமே. நம் நாட்டிலே அலுவலகங்களும் அச்சகங்களும் நெடுங்காலம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே தமிழைத் தட்டச்சு செய்து வந்தன. கண்ணுக்கு அது தமிழாகத் தோன்றும்; கணினிக்கோ அது ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் 'அம்மா' என்று எழுதியிருந்தால், திரைவாசிப்பான் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்றே படிக்கும். தாயின் பெயரே பிள்ளைக்குப் புரியாமற் போகிறது! யுனிக்கோட் முறையிலே எழுதினால் இக்குறை இல்லை. சுற்றறிக்கையையும் பாடக்குறிப்பையும் ஒளிப்படமாக எடுத்துத் தொலைபேசியில் அனுப்பும் வழக்கமும் அப்படியே தடையாகிறது. படத்திலுள்ள எழுத்தை இனங்காணும் மென்பொருள்கள் இப்போது உண்டு என்றாலும், மங்கிய படமும் மடிந்த தாளும் அவற்றையும் ஏமாற்றும். ஆசிரியர் ஒருவர் தம் பாடக்குறிப்பை யுனிக்கோட்டிலே எழுத்தாகவே அனுப்புவாரானால், விழிப்புலனற்ற மாணவர் ஒருவருக்கு அவர் ஒரு நூலையே கொடுத்தவராவார்.

மண், உடல், மொழி ஆகிய இம்மூன்றையும் சூழ்ந்து நிற்பது கட்டடம். நம் நாட்டிலே வலுக்குறைந்தோர் உரிமைகளைக் காக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் எளிதாகச் சென்று வருவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகளின் உரிமைச் சமவாயத்தை நாடு 2016இல் உறுதிப்படுத்திற்று. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. படிக்கட்டோ வாசலிலே இருக்கிறது. ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் அமைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சாய்தளம் அமைத்தோம் என்று பெயருக்குச் செங்குத்தாக ஒரு சரிவைப் பூசி விடும் மேசன்மார் இக்கணக்கை மனத்திற் கொள்வார்களாக. மலசலகூடத்தின் கதவு நாற்காலி நுழையும் அகலம் இருத்தல் வேண்டும். உள்ளே பிடித்து எழ ஒரு குழாய் வேண்டும்.

அந்தப் பையனின் கதையை முடித்துவிடுகிறேன். அவ்வூரில் சைக்கிள் திருத்தும் ஒருவர் அந்த நாற்காலியை எடுத்துச் சென்று, முன்பக்கம் சட்டத்தை நீட்டி, சிறுவர் சைக்கிளின் சில்லு ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். பாடசாலையின் பெற்றோர் சங்கத்தார் சிரமதானமாகக் கூடி, வகுப்பறையிலிருந்து மலசலகூடம் வரை சீமெந்துப் பாதை ஒன்றை இட்டுக் கதவையும் அகலமாக்கினர். அடுத்த முறை நான் சென்றபோது விறாந்தையிலே நெல் மூடை தரையில் கிடந்தது. நாற்காலியும் பையனும் வீட்டில் இல்லை. "பள்ளிக்கூடம் போட்டான் ஐயா. இப்ப காலமை தண்ணி குடிச்சிட்டுத்தான் போறவன்" என்றார் தாயார்.

அந்தகக்கவியாருக்கு எழுத்தறிவித்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் செய்த உதவி பெரிது, செலவோ ஒன்றுமில்லை. தம் பக்கத்தில் இருந்தவருக்கு எது இயலும் என்று அறிந்து, அவ்வழியிலே தம் விரலைச் செலுத்தினார். உங்கள் ஊரிலும் உங்கள் தெருவிலும் அவ்வாறு வழி திறக்கக் காத்திருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். கருவியை வாங்குமுன் அந்த வீட்டு முற்றத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். பிறகு பிள்ளையிடம் கேளுங்கள்.